செயின்சா பிடிப்பவர் காலுக்கு என்ன போட வேண்டும், ஏன்?

செயின்சா வாங்க நினைப்பவர்கள் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) எத்தனை இன்ச், எஞ்சின் எத்தனை சிசி, எடை எவ்வளவு என்றெல்லாம் விசாரிப்பார்கள். காலுக்கு என்ன போட்டுக்கொள்வது என்ற கேள்வி பெரும்பாலும் வருவதே இல்லை. வந்தாலும் 'நல்ல தடிமனான ஜீன்ஸ் போட்டால் போதும்' என்று யாராவது சொல்லிவிடுவார்கள். போதாது. இரண்டு ஜீன்ஸை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டாலும் போதாது. தோல் துணி, தார்ப்பாய்த் துணி எதைச் சுற்றினாலும் ஓடும் செயினுக்கு முன்னால் அது துணியே இல்லை.

செயின்சாவுக்கென்றே தைத்த கால் கவசம் இருக்கிறது. முன்பக்கம் மட்டும் கட்டிக்கொள்ளும் வகையைச் சாப்ஸ் என்கிறார்கள். முழு பேன்டாகவும் கிடைக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தால் கொஞ்சம் கனமான, உள்ளே பஞ்சு வைத்ததுபோல மெத்தென்ற துணி, அவ்வளவுதான். இதுவா காலைக் காப்பாற்றும் என்று பலருக்குச் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம், இது வெட்டைத் தாங்கும் துணி என்று நாம் நினைத்துக்கொள்வது. இது வெட்டைத் தாங்குவதில்லை. வெட்டவிட்டு, வெட்டும் மெஷினையே நிறுத்துகிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் எதை வாங்குவது, எப்படித் துவைப்பது, எப்போது தூக்கிப்போடுவது என்ற மற்ற எல்லாமே தானாகப் புரியும்.

முதலில் எதிராளி யார் என்று பார்த்துவிடலாம்.

ஒரு நொடியில் என்ன நடக்கிறது

16 இன்ச் பார் போட்ட சாதாரண மெஷினில் ஓடும் செயினின் மொத்த நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால் செயின் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தை எளிதாகத் தொடும். மணிக்கு 72 கிலோமீட்டர். பெரிய மெஷின்கள் இன்னும் வேகமாக ஓடும். ஒரு மீட்டர் செயின் நொடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது என்றால் கிட்டத்தட்ட 20 சுற்று. அதில் 28 வெட்டுப்பல் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரே இடத்தை நொடிக்கு 500க்கும் மேற்பட்ட பற்கள் கடந்துபோகின்றன. ஏதோ தப்பாகிவிட்டது என்று மூளைக்கு எட்டி, கை அசைவதற்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். அதற்குள் நூறு பல் இறங்கி முடிந்திருக்கும். 'நான் உஷாராக இருப்பேன்' என்பது இங்கே பாதுகாப்பாகாது என்று சொல்வது இதனால்தான். உஷாராக இருக்க வேண்டியது செயின் தொடுவதற்கு முன்னால். தொட்ட பிறகு உஷாருக்கு நேரமே இல்லை.

காயத்தின் தன்மையும் வேறு. கத்தி பட்டால் கீறும். கீறிய இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்துவிடலாம். செயின் பல் கீறுவதில்லை, ஒவ்வொரு பல்லும் ஒரு சீவலைப் பெயர்த்து வெளியே எறிகிறது. மரத்தில் அது போடும் பிளவு 6 முதல் 8 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். காலில் பட்டாலும் அதே அகலத்துக்குச் சதை பிய்ந்துபோகும். ஓரங்கள் கிழிந்து தொங்கும். கூடவே செயின் ஆயில், மரத்தூள், கிழிந்த துணி நூல் எல்லாம் உள்ளே போய்ச் சேரும். தொடையின் உள்பக்கமாகப் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அது அறுபட்டால் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து.

அமெரிக்காவில் 2009 முதல் 2013 வரை செயின்சா காயங்களோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை சுமார் 1,15,000 என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதிகம் அடிபட்ட இடம் கையும் விரல்களும். அடுத்த இடம் முழங்கால்.

செயின் காலுக்கு எப்படி வருகிறது

மெஷின் மரத்தில்தானே இருக்கிறது, கால் கீழே தரையில்தானே இருக்கிறது, எப்படிப் படும் என்று பழக்கமில்லாதவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பெரும்பாலும் மரத்தை அறுத்துக்கொண்டிருக்கும்போது படுவதில்லை. அறுத்து முடிந்த நொடியில் படுகிறது.

ஒரு தடியை மேலிருந்து கீழாக அறுக்கிறீர்கள். கடைசி அரை இன்ச் வரை மரம்தான் மெஷினின் எடையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த அரை இன்ச் அறுந்ததும் மெஷின் மொத்தமும் சட்டென்று உங்கள் கைக்கு வருகிறது. கை களைத்திருந்தால் பார் கீழே இறங்கி உள்பக்கமாக வளைந்து வரும். விரலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்திருந்தாலும் செயின் உடனே நிற்காது. வந்த வேகத்தில் இன்னும் சிறிது ஓடும். அந்தச் சின்ன நேரத்தில் பார் போய்த் தொடும் இடம் இடது முட்டி, அல்லது அதற்குச் சற்று மேலே தொடை. செயின்சா எல்லாமே வலது கை பின்பிடியிலும் இடது கை முன்பிடியிலும் இருக்கும்படிதான் செய்யப்படுகிறது. இடது கைப்பழக்கம் உள்ளவர்களும் அப்படித்தான் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்து நிற்கும்போது இடது கால் இயல்பாகவே முன்னால் வந்துவிடுகிறது. அதனால்தான் வலது காலைவிட இடது கால் அதிகம் அடிபடுகிறது.

இன்னொரு சமயம் கிளை கழிப்பது. சாய்ந்து கிடக்கும் மரத்தின் ஓரமாக நடந்துகொண்டே ஒவ்வொரு கிளையாக அறுத்துத் தள்ளும் வேலை. காலடியில் ஏற்கெனவே வெட்டிய கிளைகள் குவிந்து கிடக்கும். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். ஓர் அடி எடுத்து வைக்கும்போது கால் ஒரு குச்சியில் உருண்டால் போதும். காலால் குச்சியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே அறுக்கும் பழக்கமும் பலருக்கு உண்டு. என் பார்வையில் செயின்சா வேலையில் இருக்கும் மோசமான பழக்கங்களில் இதற்கு முதலிடம். ஒற்றைக் கையால் மெஷினைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கிளையை இழுப்பதும் அதே ரகம்.

இழை செய்யும் வேலை

இப்போது அந்தத் துணிக்குள் போவோம். மேலே ஒரு உறைத்துணி, வழக்கமான பேன்ட் துணிபோல, கொஞ்சம் உறுதியானது. உள்ளே பல அடுக்குகளாக நீளமான இழைகள். கெவ்லர் போன்ற அராமிட் இழைகள், பாலியெஸ்டர், நைலான், வலுவான பாலிஎத்திலீன் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இவை புடவை, சட்டைத் துணிபோல இறுக்கி நெய்யப்பட்டவை அல்ல. வேண்டுமென்றே தளர்வாக வைத்திருப்பார்கள். இழுத்தால் நீளமாக உருவிக்கொண்டு வர வேண்டும் என்பதுதான் நோக்கம்.

செயின் தொட்டதும் முதல் சில பற்கள் உறைத்துணியைக் கிழிக்கின்றன. இதில் எந்தத் தடையும் இல்லை, நொடியில் மிகச் சிறு பங்கில் முடிந்துவிடும். அடுத்த பற்கள் உள்ளே இருக்கும் இழைகளில் மாட்டுகின்றன. இழை வலுவானது, தளர்வாகவும் இருக்கிறது; அதனால் அறுபடாமல் பல்லோடு சேர்ந்து உருவிக்கொண்டு ஓடுகிறது. செயின் அதை இழுத்துக்கொண்டு பாரின் பின்புறம் போய், மெஷினின் மூடிக்குள் நுழைகிறது. அங்கேதான் செயினை ஓட்டும் ஸ்ப்ராக்கெட் சக்கரம் இருக்கிறது. ஒரு இழை, பத்து இழை, நூறு இழை என்று அந்தச் சின்னச் சக்கரத்தைச் சுற்றிக்கொள்கின்றன. சைக்கிள் ஓட்டும்போது பேன்டின் நுனி செயினில் மாட்டினால் பெடல் எப்படி இறுகி நிற்குமோ, அதேதான் இங்கும். சக்கரம் சுற்ற இடமில்லாமல் செயின் நின்றுவிடுகிறது. பெட்ரோல் மெஷின் என்றால் பல சமயம் எஞ்சினே அணைந்துவிடும்.

இதெல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடிந்துவிடும். பிறகு மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இழைப் பந்து ஒன்று கெட்டியாக இறுகியிருக்கும். விரலால் பிய்க்க வராது. கத்தியால் நறுக்கி, கொறடால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எடுக்க வேண்டியிருக்கும். பேன்டில் ஒரு நீளக் கிழிசல், அதிலிருந்து நுரைபோல இழைகள் பொங்கிக்கொண்டு நிற்கும். அடியில் இருக்கும் துணி பல சமயம் முழுதாக இருக்கும்.

கெவ்லர் இதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். டூபான்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த வேதியியலாளர் ஸ்டெஃபனி க்வோலெக், வாகன டயர்களுக்கு எடை குறைந்த, வலுவான இழை தேடிக்கொண்டிருந்தபோது 1965இல் கெவ்லருக்கு வழிகாட்டிய இழையை உருவாக்கினார். குண்டு துளைக்காத அங்கி என்று நாம் கேள்விப்படுவதெல்லாம் அதற்கு அப்புறம் வந்தது. அதனால் கெவ்லர் என்ற பெயரைக் கேட்டதுமே இதை எதுவும் அறுக்காது என்று ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. அந்த எண்ணத்தோடு கெவ்லர் கலந்த பைக் ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு மரம் அறுக்கப் போகக் கூடாது. தரையில் உரசினால் தேயாமல் இருப்பதற்காக நெய்த துணி அது. செயினில் மாட்டி உருவிக்கொண்டு போவதற்காகச் செய்ததல்ல. இழையின் பெயர் ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு.

லேபிளில் எதைப் பார்ப்பது

உலக அளவில் இப்போது பயன்படும் தரம் ஐஎஸ்ஓ 11393. கால் கவசத்துக்கு அதில் இரண்டாம் பகுதி. பழைய ஐரோப்பியத் தரமான இஎன் 381-5 என்ற எண்ணையும் பல பேன்டுகளில் பார்க்கலாம். வட அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் எஃப்1897. இந்த எண்களில் ஒன்றும், செயின்சா படம் போட்ட முத்திரையும் லேபிளில் இல்லையென்றால் அது எவ்வளவு தடிமனாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். சோதனைக் கூடத்தில் ஓடும் செயினைத் துணிமேல் இறக்கி, அடிவரை அறுபடாமல் செயின் நிற்கிறதா என்று பார்த்த பிறகே அந்த எண் கிடைக்கும்.

அடுத்தது வகுப்பு. ஐரோப்பிய, ஐஎஸ்ஓ முறையில் சோதனை செய்யப்பட்ட செயின் வேகத்தை வைத்து வகுப்பு சொல்கிறார்கள்: வகுப்பு 0 நொடிக்கு 16 மீட்டர், வகுப்பு 1 நொடிக்கு 20, வகுப்பு 2 நொடிக்கு 24, வகுப்பு 3 நொடிக்கு 28. வகுப்பு கூடக் கூட அடுக்கும் கூடும், எடையும் வெப்பமும் கூடும். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். உங்கள் மெஷின் முழு வேகத்தில் நொடிக்கு 26 மீட்டர் ஓடக்கூடியது, பேன்ட் வகுப்பு 1 என்றால், முழு ஆக்சிலரேட்டரில் நேராக இறங்கும் வெட்டை அது நிறுத்தும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஆனால் முன்பு சொன்னதுபோல நிறைய வெட்டுகள் விரலை எடுத்த பிறகு, செயின் வேகம் குறைந்துகொண்டிருக்கும்போது படுபவை. அங்கே வகுப்பு 1 பேன்டும் வேலை செய்யும். முழு வேகத்தில் பட்டாலும் காயத்தின் ஆழம் குறையும். அதற்காக எல்லோரும் வகுப்பு 3 வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது கனமாகவும் புழுக்கமாகவும் இருப்பதால் பாதி வேலையில் கழற்றி வைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். கழற்றி வைத்த வகுப்பு 3ஐவிடக் காலில் இருக்கும் வகுப்பு 1 மேல்.

எந்தப் பக்கம் காப்பு இருக்கிறது என்பதற்கும் வகை உண்டு. ஏ வகையில் முன்பக்கமும் ஓரத்தில் கொஞ்சமும் மட்டும் இழை இருக்கும். பி வகை அதைவிடச் சற்றுக் கூடுதல். சி வகையில் கால் முழுக்கச் சுற்றிலும் இருக்கும். தினமும் மரத்தோடு மல்லுக்கட்டும் தொழிலாளிகள் பெரும்பாலும் ஏ போடுகிறார்கள். காற்றோட்டம் இருக்கும், நடக்க எளிது, மெஷினை எங்கே வைத்துக்கொள்வது என்று அவர்களுக்குப் பழகியிருக்கும். எப்போதாவது மெஷினை எடுப்பவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதனால் புதிதாக ஆரம்பிப்பவருக்கு சி வகையே நல்லது. குறைவாக அறுப்பவருக்குக் குறைந்த காப்பு போதும் என்று தோன்றும். உண்மையில் தேவை அதற்கு நேர்மாறு.

பேட்டரி மெஷின் என்றால்

இது தனியாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் இப்போது புதிதாக வாங்குபவர்கள் பலர் பேட்டரி செயின்சாவைத்தான் வாங்குகிறார்கள். சத்தம் குறைவு, புகை இல்லை, பட்டனை அழுத்தினால் ஓடும். பார்க்கச் சாதுவாக இருப்பதால் கால் கவசம் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

இழை சிக்கி ஸ்ப்ராக்கெட் இறுகும்போது பெட்ரோல் எஞ்சின் திணறும், கிளட்ச் நழுவும், எஞ்சின் அணையும். மின் மோட்டார் அப்படி அல்ல. வேகம் குறையும்போதும் அதன் இழுவிசை குறையாது. இழை சுற்றிக்கொண்டாலும் அது இன்னும் இழுத்துக்கொண்டே இருக்கக்கூடும். மூடிக்குள் இருக்கும் இடைவெளியும் அமைப்பும் வேறு மாதிரி இருப்பதால் இழை சிக்குவதும் மாறும். பல கால் கவசங்களின் லேபிளிலேயே, மின்சார மெஷினுக்கு இதே காப்பை எதிர்பார்க்கக் கூடாது என்று எச்சரிக்கை இருக்கும். அதைப் படித்துவிட்டு, அப்படியானால் போடுவதில் பயனில்லை என்று முடிவு கட்டக் கூடாது. போட்டால் காயம் குறையும். ஆனால் பேன்டை நம்பி மெஷினை அலட்சியமாக ஆட்டக் கூடாது என்ற விதி பேட்டரி மெஷினுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். இன்னொன்று: செயினைத் தொடுவதற்கு முன், இறுக்குவதானாலும் சரி தூசி தட்டுவதானாலும் சரி, பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள்.

போடுவது, துவைப்பது, தூக்கிப்போடுவது

சாப்ஸ் என்றால் இடுப்பிலிருந்து ஷூவின் மேல்விளிம்பு வரை நீளம் இருக்க வேண்டும். கணுக்காலுக்கு மேலே நான்கு விரல் இடைவெளி விட்டு நிற்கிறது என்றால் அளவு தப்பு. பின்பக்கம் இருக்கும் எல்லா பக்கிளையும் போட வேண்டும். இடுப்புப் பட்டையை மட்டும் கட்டிவிட்டுக் காலில் தொங்கவிட்டால், செயின் படும்போது துணி சுழன்று பக்கவாட்டில் போய்விடும், வெறும் கால் மாட்டிக்கொள்ளும். அதேசமயம் தோலோடு ஒட்டிப்போகும் அளவுக்கு இறுக்கவும் கூடாது. இழை உருவிக்கொண்டு வரக் கொஞ்சம் தளர்ச்சி வேண்டும்.

துவைப்பதைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. இழைகள் தனித்தனியாகப் பிரிந்து ஓடினால்தான் வேலை செய்யும் என்று பார்த்தோம். செயின் ஆயிலும் மரப்பாலும் ஊறிக் கெட்டியானால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; ஆயில் ஊறிய துணி தீயும் பிடிக்கும். அதனால் அழுக்கேறினால் துவைக்கத்தான் வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, அவ்வளவு போதும். பிளீச்சிங் பவுடரும் குளோரினும் அராமிட் இழையைக் கெடுத்துவிடும். இஸ்திரி போடக் கூடாது; சூடான டிரையரில் போடக் கூடாது. நேரடி வெயிலில் வாரக்கணக்கில் தொங்கவிடுவதும் அராமிட்டுக்கு ஆகாது. நிழலில் உலர்த்துங்கள். லேபிளில் துவைக்கும் முறை எழுதியிருந்தால் அதுதான் கடைசி வார்த்தை.

கிழிசல் விஷயத்தில்தான் மனசு கேட்காது. நல்ல பேன்ட், ஒரு சின்னக் கிழிசல்தானே, தையல்காரரிடம் கொடுத்து ஒட்டுப் போட்டுவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது. மெஷின் தையல் உள்ளே இருக்கும் இழைகளையும் சேர்த்துத் தைத்துவிடும். தைத்த இழை உருவிக்கொண்டு வராது, நின்ற இடத்திலேயே அறுபடும். ஒட்டுப் போட்ட இடத்தில் உங்களிடம் இருப்பது வெறும் தடிமனான துணி. உறையில் மட்டும் முள் குத்திச் சின்ன ஓட்டை என்றால், உள் இழையைத் தொடாத பசையால் நிறுவனம் சொல்லும் முறையில் அடைக்கலாம். இழை அடுக்குவரை வெட்டு போயிருந்தால் அந்தப் பேன்டின் ஆயுள் முடிந்துவிட்டது.

பேன்ட் காப்பாற்றாத இடங்கள்

கால் கவசம் கடைசி வரிசைக் காவல். அதற்கு முன்னால் இருக்க வேண்டியவற்றில் மிக முக்கியமானது, மெஷின் எகிறி உதைப்பதைப் புரிந்துகொள்வது. பாரின் மூக்கு இருக்கிறதல்லவா, அதன் மேல் பாதிதான் ஆபத்தான இடம். ஓடும்போது அந்த இடம் ஒரு கிளையிலோ பக்கத்துத் தடியிலோ பட்டால், பல் மரத்தைக் கடிக்க முடியாமல் மொத்த விசையும் பாரை மேலேயும் பின்னேயும் எறியும், உங்கள் முகத்தையும் தோளையும் நோக்கி. இதுவும் நீங்கள் சுதாரிப்பதற்கு முன்பே முடிந்துவிடும். முன்பிடிக்கு முன்னால் இருக்கும் கைத்தடுப்பு இதற்காகத்தான். மெஷின் எகிறும்போது மணிக்கட்டு அதில் பட்டு, அல்லது எகிறும் வேகத்திலேயே, செயின் பிரேக் விழும். முன்பிடியைப் பெருவிரல் அடியில் சுற்றிப் பிடித்தால்தான் மெஷின் கையைவிட்டுப் போகாது. நான்கு விரலையும் பெருவிரலையும் ஒரே பக்கம் வைத்துப் பிடிப்பவர்களைப் பார்த்தாலே எனக்குப் பதறும்.

அப்புறம், பாருக்கு நேர் பின்னால் தலை இருக்கக் கூடாது. சற்று இடப்பக்கம் விலகி நில்லுங்கள். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது. ஏணியில் நின்று செயின்சா பிடிப்பது கூடவே கூடாது.

பிரேக்கை, மெஷின் எகிறும்போது காக்கும் சாதனமாக மட்டும் பார்க்காமல் நடக்கும்போது காக்கும் சாதனமாகவும் பாருங்கள். காலைக் காப்பாற்றும் பழக்கங்களில் இதைவிட எளிதானது எதுவும் இல்லை. இரண்டு அடி நகர வேண்டுமா, பிரேக்கைப் போடு. ஒரு கையை எடுக்க வேண்டுமா, பிரேக்கைப் போடு. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான் செலவு. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி, 50 அடிக்கு மேல் தூக்கிச் செல்வதானால் மெஷினை அணை, இல்லையென்றால் பிரேக் போடு என்கிறது. வேலை தொடங்கும் முன் பிரேக் பிடிக்கிறதா என்றும், ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது செயின் அசையாமல் நிற்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஐடிலில் செயின் ஊர்ந்தால் அந்த மெஷினை வேலைக்கு எடுக்காமல் சரிசெய்ய அனுப்புங்கள்.

கிளப்புவதும் தரையில் வைத்துத்தான். பிரேக் போட்டு, வலது கால் நுனியால் பின்பிடியை அழுத்தி, இடது கையால் முன்பிடியைப் பிடித்து, வலது கையால் கயிற்றை இழுக்க வேண்டும். ஒரு கையில் மெஷினைத் தொங்கவிட்டு, கீழே தள்ளிக்கொண்டே கயிற்றை இழுக்கும் பழக்கத்தில் செயின் தொடைக்குப் பக்கத்திலேயே உயிர்பெறுகிறது. பெட்ரோல் ஊற்றிய இடத்திலிருந்து குறைந்தது 10 அடி தள்ளிப்போய்க் கிளப்புங்கள்.

மற்ற கவசங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் செயின்சாவின் சத்தம் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும், காதடைப்பு இல்லாமல் வேலை செய்தால் கேட்கும் திறன் போவது நிச்சயம். கண்ணுக்குக் கண்ணாடி, முகத்துக்கு வலைத் தடுப்பு, மேலே கிளை இருக்கும் இடத்தில் தலைக்கு ஹெல்மெட். காலில் செருப்பு கூடாது. செயின்சாவுக்கென்றே செய்த பூட்ஸ் இருக்கிறது, அதன் தரம் ஐஎஸ்ஓ 17249. பேன்ட் முடியும் இடத்தில் பூட்ஸ் தொடங்க வேண்டும், நடுவில் இடைவெளி இருக்கக் கூடாது.

பட்டுவிட்டால்

தனியாக வேலைக்குப் போகாதீர்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். ஆனால் நீங்கள் அறுக்கும் மரம் எந்தப் பக்கம் விழுந்தாலும் எட்டாத இடத்தில். மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தள்ளி என்பது பொதுவான கணக்கு. முதலுதவிப் பொருட்களை வண்டியில் விட்டுவிட்டு வரக் கூடாது. கட்டுப்போடும் துணியும் ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கெட் பட்டையும் உடம்போடு, ஒற்றைக் கையால் எடுக்கும்படி இருக்க வேண்டும்.

செயின் பேன்டைத் தொட்டது தெரிந்தால் முதலில் மெஷினை அணையுங்கள், பிறகு காலைப் பாருங்கள். 'பேன்ட் நிறுத்திவிட்டது, ஒன்றும் ஆகவில்லை' என்று நின்றபடியே முடிவு செய்யாமல் உட்கார்ந்து துணியை விலக்கிப் பார்க்க வேண்டும். பதற்றத்தில் வலி உடனே தெரியாது. காயம் இருந்தால் துணியை வைத்து உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்துங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். ரத்தம் பீறிட்டால், அல்லது அழுத்தியும் நிற்காமல் வழிந்தால், காயத்துக்கு மேலே நான்கு விரல் தள்ளி, மூட்டின் மேல் படாமல், டூர்னிக்கெட்டைக் கட்டி ரத்தம் நிற்கும் வரை முறுக்க வேண்டும். நன்றாக வலிக்கும், வலிக்கிறதே என்று தளர்த்தக் கூடாது. மெல்லிய கயிறும் கம்பியும் இதற்கு ஆகாது, அவை சதையை அறுக்கும். கட்டிய நேரத்தைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காலில் ஒன்றும் இல்லையென்றால், மெஷினின் மூடியைக் கழற்றி ஸ்ப்ராக்கெட், கிளட்ச், பாரின் பள்ளம் எல்லாவற்றிலும் சிக்கிய இழையை ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும். உள்ளே மிச்சம் இருந்தால் கிளட்ச் சூட்டில் உருகிப் பிடித்துக்கொள்ளும். செயின் பிரேக் மறுபடி சரியாக விழுகிறதா என்றும் பாருங்கள். கிழிந்த பேன்டை மடித்து அலமாரியில் வைக்க வேண்டாம், அடுத்த அவசர வேலைக்கு யாராவது எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, புதியது வந்த பிறகு மெஷினைக் கிளப்புங்கள்.